ஊவா ஏற்றங்களில் கிளச்சும் கியர்ப்பெட்டியும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1230 மீற்றர் உயரத்திலும், ஹப்புத்தளை 1430 மீற்றர் உயரத்திலும் இருப்பதால், ஊவாவின் மேல்நிலத்தில் ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் பத்து மைல் தொடர்ந்து போவதற்கு வழியே கிடையாது. பசறைக்குப் போனாலும் லுணுகலைக்குப் போனாலும் மடுல்சீமைக்குப் போனாலும் வீதி மலையின் தோளைச் சுற்றிச் சுற்றியே செல்கிறது. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியோ சில பத்துக் கிலோமீற்றருக்குள் முக்கால் ஆயிரம் மீற்றருக்கும் மேல் கீழே விழுகிறது. இத்தகைய நிலத்தில் ஓடிய வண்டிகளின் வரலாற்றை எஞ்சின்களின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். எஞ்சினில் பிறக்கும் விசையைச் சக்கரம் வரை கொண்டுசேர்க்கும் நடுப்பகுதி, அதாவது கிளச்சும் கியர்ப்பெட்டியும், எவ்வளவு தாங்கும் என்பதே இம்மலைகளில் வண்டி மேலே போகுமா, பாதிவழியில் நிற்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது.

கிளச் என்பது எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் வேண்டும்போது பிணைத்து வேண்டாதபோது பிரித்துவிடும் உரசல் பிணைப்பு. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பிளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் மீது உரசல் பூச்சுள்ள ஒரு தட்டை வில்விசையால் அழுத்திப் பிடிப்பதே அதன் வேலை. கியர்ப்பெட்டி என்பது பல அளவுப் பற்சக்கரங்களை அடக்கிய பெட்டி. எஞ்சின் பல முறை சுழல சக்கரம் ஒரு முறை மட்டும் சுழலுமாறு செய்து, வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையைப் பெருக்குவதற்காக அது அமைக்கப்பட்டது. நெம்புகோல் என்ன செய்கிறதோ அதையே இது சுழற்சியில் செய்கிறது.

மோட்டார் வருவதற்கு முன்பே இதே சிக்கலை ஊவா மாட்டு வண்டிக்காரர்கள் வேறு உருவத்தில் அறிந்திருந்தார்கள். கோப்பிக் காலத்தில் தோட்டங்களுக்கு அரிசியும் தோட்டங்களிலிருந்து கோப்பியும் முதலில் தவளங்களிலேயே, அதாவது பொதி சுமக்கும் மாட்டு வரிசைகளிலேயே, போய்வந்தன; பின்னர் வண்டிப்பாதைகள் வெட்டப்பட்டன. பதுளையில் அதிகாரியாக இருந்து வீதிகள் அமைத்தவர் என்று பெயர்பெற்ற மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். வீதிகளைவிட அவர் சுட்டுக்கொன்ற யானைகளின் கணக்கையே பிற்கால நூல்கள் அதிகம் பேசுகின்றன என்பது காலனியக் கால வரலாற்றெழுத்தின் சுவையைக் காட்டுகிறது; பாறையை உடைத்து மண்ணைச் சுமந்தவர்களின் பெயரையோ அந்நூல்களில் காண்பதரிது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டபின், சுமையின் தன்மையும் மாறியது. கோப்பிக்கொட்டை பருவத்துக்கு ஒரு முறை இறங்கியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட்டு ஆண்டு முழுவதும் பெட்டிகளாக இறங்க வேண்டியிருந்தது. வண்டிப்பாதை ஓய்வறியாத பாதையானது.

மாட்டு வண்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. பின்சக்கரத்தின் இரும்புப் பட்டைமீது மரக்கட்டையை அழுத்தி வேகத்தைக் குறைப்பது உலகெங்கும் மலைநாட்டு வண்டிக்காரர்கள் கையாண்ட முறை; நீண்ட இறக்கத்தில் கட்டை கருகிப் புகைந்து பிடி விட்டுவிடும். இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிகளின் இந்தக் கருகலைக் கவனித்த ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், கட்டைக்குப் பதிலாக வேறு உரசல் பொருட்களைச் சோதித்து 1897இல் தொடங்கிய தொழிலே பின்னாளில் ஃபெரோடோ என்ற பெயரில் பிரேக் பூச்சுகளையும் கிளச் பூச்சுகளையும் உலகமெங்கும் விற்றது. உரசும் பொருள் சூட்டில் தன் பிடியை இழக்கிறது என்ற எளிய உண்மை மரக்கட்டையில் தொடங்கி இன்றைய பந்தயக் காரின் கிளச் தட்டு வரை மாறவே இல்லை.

ரயில் பாதை ஹப்புத்தளையை 1893இலும் பண்டாரவளையை 1894இலும் எட்டியது. அதன்பின் முப்பது ஆண்டுகள் கழித்தே, தெமோதரை வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து, 1924இல் பதுளைக்கு வந்து நின்றது. அதற்கு அப்பால் அது போகவில்லை. இந்த ஒரு செய்தி மோட்டார் வண்டியின் வரலாற்றுக்கு மிக முக்கியமானது. ஏனெனில் பதுளைக்குக் கிழக்கே இருந்த பசறை, நமுனுகுல, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களின் தேயிலை அனைத்தும் ரயில் நிலையம் வரை வீதியாலேயே வர வேண்டியிருந்தது. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ரயில் நிலையத்துக்குத் தேயிலைப் பெட்டிகளையும், திரும்பும்போது அரிசி, உரம், இயந்திர உதிரிகள் ஆகியவற்றையும் சுமந்த லொறியே இப்பகுதியில் மாட்டு வண்டியின் வாரிசாக வந்தது. எட்டமுடியாத மலைமுகடுகளிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கும் வழக்கம் சில தோட்டங்களில் இருந்தபோதிலும், ஸ்டோருக்கு அப்பால் கம்பியின் வேலை முடிந்துவிடும். அங்கிருந்து சக்கரமே துணை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த மோட்டார் வண்டிகளில் கிளச் என்பது பெரும்பாலும் கூம்பு வடிவத்தது. பிளைவீலின் உட்குழிவுக்குள் பொருந்தும் ஒரு கூம்பின்மீது தோல் போர்த்தப்பட்டிருந்தது. தோல் காய்ந்தால் பிணைப்பு வெடுக்கென்று பிடித்து வண்டியைத் துள்ளவைக்கும், எண்ணெய் ஊறினால் வழுக்கும். காய்ந்த தோலுக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவதும், வழுக்கும் தோலுக்கு முல்தானி மட்டி போன்ற உறிஞ்சுமண்ணைத் தூவுவதும் அக்காலச் சாரதிகளின் அன்றாட வைத்தியம். நீண்ட ஏற்றத்தில் சாரதி பாதி மிதித்த கிளச்சோடு வண்டியை நகர்த்தினால் தோல் கருகும் நாற்றம் எழுந்து, மிச்ச வழியை மாடுகளின் தயவில் கடக்க வேண்டிவரும்.

கியர்ப்பெட்டியோ இதைவிடக் கடினமான எசமான். பற்சக்கரங்களை ஒன்றன் பக்கம் ஒன்றை நகர்த்தி, சுழன்றுகொண்டிருக்கும் பற்களுக்குள் பற்களைத் திணிக்கும் இவ்வமைப்பை ஆங்கிலத்தில் மோதல் பெட்டி என்ற பொருள்பட அழைத்தார்கள், பெயர் பொருத்தமானதே. இரு சக்கரங்களின் பற்களும் ஒரே வேகத்தில் ஓடும் கணத்தில் மட்டுமே அவை சத்தமின்றிச் சேரும். அந்தக் கணத்தை உண்டாக்கும் பொறுப்பு முழுவதும் சாரதியினுடையது. அதற்காக அவர் கையாண்ட முறையே 'டபுள் கிளச்'. மேல் கியரிலிருந்து கீழ் கியருக்கு இறங்குவதற்கு முதலில் கிளச்சை மிதித்துக் கியர்க் கம்பியை நியூட்ரலுக்கு இழுக்க வேண்டும். பிறகு காலை எடுத்து, ஒரு கணம் ரேஸ் கொடுத்து, பெட்டிக்குள் இருக்கும் தண்டின் வேகத்தை உயர்த்த வேண்டும். உடனே மீண்டும் கிளச்சை மிதித்துக் கீழ் கியருக்குத் தள்ள வேண்டும். இத்தனையும் ஒரு கொண்டைஊசி வளைவின் வாயில், சுமையோடு வண்டி வேகம் இழந்துகொண்டிருக்கும் இரண்டு மூன்று வினாடிகளுக்குள் நடக்க வேண்டும். தவறினால் பற்கள் உறுமும். இன்னும் தவறினால் கியர் விழாது. கியர் விழாத லொறியை ஏற்றத்தில் பிரேக்கால் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும், அக்காலப் பிரேக்கோ நம்பத்தக்கதல்ல.

இந்த இடைவெளியில்தான் கிளீனர் என்ற பையனின் பங்கு வருகிறது. பெயர் கிளீனராயினும், ஏற்றத்தில் லொறியின் பின்பக்கத்தில் தொற்றிக்கொண்டு, வண்டி தயங்கும் கணத்தில் குதித்துப் பின்சக்கரத்தின் அடியில் அடைகட்டையைச் செருகுவதே அவனுடைய முதன்மையான வேலை. கட்டை பிடித்துக்கொண்டால் சாரதி பிரேக்கையும் கிளச்சையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியதில்லை. எஞ்சினை உயர்த்திக் கிளச்சை ஒரே சீராக விட்டு வண்டியை முன்னே எடுக்கலாம், பையன் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி ஏறிக்கொள்வான். வீதியோரத்து மைல்கல்லைக் கட்டை என்று சொல்லி, ஊர்களையே 'பதின்மூன்றாம் கட்டை' என்று அழைக்கும் வழக்கம் இப்பகுதியில் இன்றும் உண்டு. கிளீனரின் கையில் இருந்த கட்டைக்கோ அப்படி ஒரு பெயர்ப்பலகை எங்கும் இல்லை. கிளச் தட்டின் ஆயுளை நீட்டிய மிக மலிவான கருவி அந்த மரத்துண்டுதான் என்று சொன்னால் மிகையாகாது.

1928இல் அமெரிக்காவின் கடிலக் கார்களில் சின்குரோமெஷ் என்ற அமைப்பு முதன்முதலாக வந்தது. ஏர்ல் தொம்சன் என்பவர் உருவாக்கிய இவ்வமைப்பில், பற்கள் சேர்வதற்கு முன் ஒரு சிறிய கூம்பு வளையம், பிற்காலத்தில் பெரும்பாலும் பித்தளையாலானது, மறுபக்கச் சக்கரத்தின்மீது உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். கிளச்சுக்குள் நிகழும் அதே உரசலின் சிறு உருவம் கியர்ப்பெட்டிக்குள்ளும் குடியேறியது எனலாம். சாரதியின் காதும் காலும் செய்த வேலையில் ஒரு பகுதியை உலோகம் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் இந்த நன்மை மலைக்கு மிகத் தாமதமாகவே வந்தது, வந்தபோதும் அரைகுறையாகவே வந்தது. மலிவுக்காக மேல் கியர்களுக்கு மட்டும் சின்குரோ வைத்து, முதல் கியரைப் பழைய முறையிலேயே விட்டுவிடும் வழக்கம் பிரித்தானிய உற்பத்தியாளர்களிடம் நெடுங்காலம் நீடித்தது. இலங்கையில் பரவலாக ஓடிய மொரிஸ் மைனர் காரின் முதல் கியருக்குச் சின்குரோ கிடையாது. 1948இல் அறிமுகமாகித் தோட்டத் துரைமாரின் வண்டியாகப் பெயர்பெற்ற லேண்ட் ரோவரில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே சின்குரோ இருந்தது. நான்கு கியர்களுக்கும் அது கிடைத்தது 1971இல் வந்த மூன்றாம் வரிசை வண்டியில்தான். இங்கிலாந்தின் சமவெளியில் முதல் கியர் என்பது நின்ற வண்டியைக் கிளப்புவதற்கு மட்டும். ஓடும்போது அதற்கு இறங்க வேண்டிய தேவையே எழாது. நமுனுகுலவின் சரிவில், கொண்டைஊசி வளைவின் நடுவில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்க வேண்டியது ஒவ்வொரு நாளும் நிகழ்வது. எந்தக் கியர் இம்மலைகளுக்கு அதிகம் தேவைப்பட்டதோ அந்தக் கியரே உதவியின்றி விடப்பட்டது என்பதில், வண்டியை வரைந்தவர்கள் எந்த நிலத்தை மனத்தில் வைத்து வரைந்தார்கள் என்பது வெளிப்படுகிறது. டபுள் கிளச் தெரியாதவரை மலைச் சாரதி என்று ஒப்புக்கொள்ளாத வழக்கம், இந்தக் குறையிலிருந்து பிறந்த தொழில்மரபு.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது ஜப்பானிய வண்டிகள் திரளாக நாட்டுக்குள் வந்தன. பெட்ஃபோர்ட், ஒஸ்டின் லொறிகளின் இடத்தை இசுசு, மிட்சுபிஷி லொறிகள் மெல்ல மெல்லப் பிடித்தன. எல்லாக் கியருக்கும் சின்குரோ, கையில் இலகுவாகச் சுழலும் ஸ்டியரிங், சீராகப் பிடிக்கும் கிளச் ஆகியவை வந்ததும் டபுள் கிளச் தெரியாத தலைமுறை ஒன்று சாரதி ஆசனத்தில் அமர்ந்தது. அவ்வண்டிகளோடு, பிறகு, டர்போவும் வந்தது.

டர்போ என்பது எஞ்சின் வெளியேற்றும் புகையின் வேகத்தால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறியால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. சுவிற்சர்லாந்தின் அல்ஃபிரட் பூகி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1938இல் அதே நாட்டின் சௌரர் நிறுவனம் டர்போ பொருத்திய லொறி எஞ்சினை உருவாக்கியது. ஒரு மலைநாட்டில் இக்கருவி வளர்ந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பொருத்தமானது. ஏனெனில் உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து, 1250 மீற்றர் உயரத்தில் கடலோரத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சாதாரண எஞ்சின் அந்தப் பங்கு வலுவை இழந்துவிடும். டர்போ எஞ்சினோ விசிறியை இன்னும் சற்று வேகமாகச் சுழற்றி இழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்துகொள்கிறது. கொழும்பில் சமமாக ஓடும் டர்போ காரும் சாதாரணக் காரும் பண்டாரவளை ஏற்றத்தில் சமமாக ஓடாததற்கு இதுவே காரணம்.

மலையில் வேகத்தை விளையாட்டாக மாற்றியவர்கள் முதலில் தோட்டத் துரைமாரும் கொழும்புக் கனவான்களுமே. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டத் தேயிலைத் தோட்ட வீதியில் மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ரதல்லத் தோட்டத்திலும் இத்தகைய பந்தயம் நடந்துவருகிறது. ஒவ்வொரு காரும் தனித்தனியாக மேலேறி, எடுத்த நேரத்தால் வெற்றி கணிக்கப்படும் இப்பந்தயத்தில், புறப்படும் இடத்தின் முதல் சில வினாடிகளே கிளச்சின் தேர்வுக்கூடம். ஊவாவிலோ விளையாட்டு வேறு உருவம் எடுத்தது. 1900இல் ஆபிரிக்காவின் போயர் போர்க் கைதிகள் ஏறத்தாழ 5000 பேரை அடைத்துவைப்பதற்காக முகாமாக்கப்பட்ட தியத்தலாவை, பின்னர் நிரந்தரப் படைநகரமாயிற்று. எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் தம் கப்பலின் பெயரை வெள்ளையடித்த கற்களால் எழுதிவைத்த குன்று ஃபொக்ஸ் ஹில் எனப்பட்டது. அந்தக் குன்றின் மண் தடத்தில் 1993இல் இராணுவக் கல்லூரி தொடங்கிய ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குரொஸ் என்ற கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் ஏப்ரல் மாத விடுமுறைக் காலத்தில் பெருங்கூட்டத்தை ஈர்த்துவந்தது. சில ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அது மீண்டும் நடந்தபோது ஒரு கார் தடத்தைவிட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்ததில் எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வேகத்தைப் பெருக்கும் ஒவ்வொரு மேம்பாட்டையும் பற்றிப் பேசும்போது இந்நாளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இப்பந்தயங்களின் மேல்வகுப்பில் ஓடும் கார்களில் குறிப்பிடத்தக்கவை மிட்சுபிஷி லான்சர் எவலூஷனும் சுபாரு இம்ப்ரெசாவின் டர்போ வகையும். இரண்டும் 1992இல் வந்தவை. இரண்டும் உலக ராலிப் பந்தயத்துக்காகப் பிறந்த, நான்கு சக்கரமும் இழுக்கும், இரண்டு லீற்றர் டர்போ கார்கள். டர்போ எஞ்சினின் கனவளவை 1.7ஆல் பெருக்கி வகுப்பைத் தீர்மானிக்கும் சர்வதேச வழக்கத்தின்படி, எவலூஷனின் 1997 சீசீ எஞ்சின் 3395 சீசீயாகக் கணக்கிடப்பட்டு, இலங்கையில் 3500 சீசீ வரை அனுமதிக்கும் வகுப்புக்குள் சற்றே நெருக்கிக்கொண்டு நுழைகிறது. ஐந்தாவது, ஆறாவது எவலூஷன்களின் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 280 குதிரைவலுவும் 373 நியூட்டன்மீற்றர் முறுக்கு விசையும் தருகிறது. முறுக்கு விசை என்பது தண்டைத் திருப்பும் வலிமை. ஒரு மீற்றர் நீளமுள்ள கம்பியின் முனையில் 38 கிலோ எடையைத் தொங்கவிட்டால் தண்டின்மீது எவ்வளவு திருகல் விழுமோ அவ்வளவு.

காற்றழுத்தத்தைக் கூட்டுவது டர்போ காரில் வியக்கத்தக்க அளவு எளிது. பெரிய விசிறி, கூடுதல் எரிபொருள், கணினியில் மாற்றிய அளவுகள் ஆகியவற்றால் 373ஐ 500க்கு மேல் உயர்த்திவிடலாம். அடுத்த நாளே சிக்கல் பின்னால் தெரியும். மூன்றாம் அல்லது நான்காம் கியரில் ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது டர்போ விழித்துக்கொள்ளும் கணத்தில் எஞ்சினின் சுழற்சி மட்டும் விர்ரென்று ஏறும், காரின் வேகம் ஏறாது. கிளச் வழுக்குகிறது.

ஏன் வழுக்குகிறது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டிவிடும். கிளச் தாங்கும் முறுக்கு விசை நான்கு எண்களின் பெருக்கம்: தட்டை அழுத்தும் விசை, உரசல் பொருளின் பிடியெண், மையத்திலிருந்து உரசல் வளையம் இருக்கும் சராசரித் தூரம், உரசும் முகங்களின் எண்ணிக்கை. ஓர் உதாரணத் தட்டை 8000 நியூட்டன் விசை அழுத்துவதாகவும், பிடியெண் 0.3 எனவும், தூரம் 0.1 மீற்றர் எனவும், தட்டின் இரு முகமும் உரசுவதாகவும் கொண்டால், அது 480 நியூட்டன்மீற்றர் தாங்கும். 373க்கு இது போதிய இடைவெளி. ஆனால் திரும்பத் திரும்ப வழுக்கிச் சூடேறிய தட்டின் பிடியெண் 0.2க்கு விழுந்தால் தாங்குதிறன் 320 ஆகிவிடும். மாற்றம் எதுவும் செய்யாத காரின் விசையைக்கூட அது அப்போது தாங்காது. நீண்ட இறக்கத்தில் கருகிய வண்டி மரக்கட்டையின் கணக்கும் இதுவே.

எனவே கிளச்சை மேம்படுத்துவோருக்கு வழிகள் சிலவே. அழுத்தத் தட்டின் வில்லைக் கடினமாக்கலாம். ஆனால் மிதிகட்டை கல்லாகிவிடும், கிளச்சை விடுவிக்கும் பேரிங்கும் எஞ்சின் தண்டை நீளவாக்கில் தாங்கும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். பதுளை நகரின் கடைவீதி நெரிசலில் அப்படியொரு காரை ஒரு மணி நேரம் ஓட்டியவருக்கு இடது முழங்கால் தனியாக ஒரு முறைப்பாடு எழுதும். கரிமப் பூச்சுக்குப் பதிலாகச் செம்புத்தூளும் பீங்கான்தூளும் சேர்த்து அழுத்திச் சுட்ட உலோகத் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் பொருத்தலாம்; அது சூட்டில் எளிதில் தளராது, பிடியெண் 0.4ஆக உயர்ந்தால் அதே உதாரணக் கிளச் 640 தாங்கும். விலை என்னவென்றால், அது பாதிப் பிடி என்பதை அறியாது: விட்டால் பிடிக்கும், மிதித்தால் விடும், நடுவில் எதுவுமில்லை. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கார் துள்ளி அணைந்துபோவது இதனாலேயே. மூன்றாவது வழி இரட்டைத் தட்டு. முகங்கள் நான்காகிவிடுவதால், வில்லைக் கடினமாக்காமலே, பழைய பூச்சோடே 960 வரை தாங்கும். தொழில் தெரிந்தவர்கள் பணமிருந்தால் இதையே விரும்புவதில் வியப்பில்லை. அழுத்தத்தைக் கூட்டுவதும் பிடியைக் கூட்டுவதும் சாரதியின் உடம்பில் ஏறும் கடன், முகத்தைக் கூட்டுவதோ பணப்பையில் மட்டும் ஏறுவது.

கிளச் வலுத்ததும் தொல்லை ஓய்வதில்லை, இடம் மாறுகிறது. வழுக்கும் கிளச் ஒருவகையில் கியர்ப்பெட்டியின் பாதுகாவலன். அதிர்ச்சியின் ஒரு பகுதியைத் தானே சூடாக்கி விழுங்கிவிடும். அது வழுக்காமல் பிடித்துக்கொண்டால் அதிர்ச்சி முழுவதும் பற்களில் இறங்குகிறது. ஃபொக்ஸ் ஹில்லின் தளர்ந்த மண்ணில் சக்கரங்கள் சற்றுச் சுழன்று அந்த அதிர்ச்சியை மண்ணிலேயே கரைத்துவிடும். மகாகஸ்தோட்டத்தின் தார் வீதியில், நான்கு டயரும் தரையைக் கவ்விக்கொண்டிருக்கும்போது, கரைவதற்கு இடமில்லை. சாதாரணக் காரின் பற்சக்கரங்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒரு பல் விடுமுன்னே அடுத்த பல் பிடித்துக்கொள்வதால் அவை அமைதியாக ஓடும். அந்தச் சாய்வின் காரணமாகவே விசையில் ஒரு பங்கு தண்டுகளை நீளவாக்கில் தள்ளுகிறது, மற்றொரு பங்கு, நேரான பற்களிலும் நிகழ்வதுபோலவே, தண்டுகளை ஒன்றைவிட்டு ஒன்று விலக்குகிறது. விசை அளவுக்கு மீறினால் அலுமினியப் பெட்டியே சற்று வளைந்து கொடுக்கும், பற்கள் முழு அகலத்திலும் தொடாமல் ஓரத்தில் மட்டும் தொடும், ஓரம் உடையும், உடைந்த துண்டு மற்றப் பற்களையும் உடைக்கும்.

பந்தயக் கியர்ப்பெட்டி இதற்கு அளிக்கும் விடை வரலாற்று நோக்கில் விசித்திரமானது. பற்களை நேராக வெட்டினால் நீளவாக்குத் தள்ளல் இல்லாமற்போகும். ஆனால் பெட்டி ஊளையிடும், பழைய லொறியின் முதல் கியர் பாடிய அதே பாட்டு. சின்குரோ வளையங்களை நீக்கிவிட்டு, அகன்ற சில கொக்கிப் பற்கள் ஒன்றையொன்று நேரடியாகக் கவ்வுமாறு வைத்தால், வளையம் மெதுவாக வேகத்தைச் சமப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கியர் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும், தேய்வதற்குப் பித்தளை வளையமும் இருக்காது. ஆனால் வேகங்களைச் சமப்படுத்தும் பொறுப்பு மறுபடியும் சாரதியின் காலுக்கே திரும்பிவிட்டது. கீழ் கியருக்கு இறங்கும்போது ரேஸ் கொடுத்துத் தட்டத் தெரியாதவர் கையில் இப்பெட்டி தன் கொக்கிகளின் விளிம்பை விரைவில் மழுங்கடித்துக்கொள்ளும். மழுங்கிய கொக்கி விசையேறும்போது கியரைக் கக்கிவிடும். பசறை வீதியில் அரை நூற்றாண்டுக்கு முன் லொறியோட்டியவர் இந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தால், விலையைக் கேட்டு மயங்குவாரேயன்றி வேலையைக் கண்டு திகைக்கமாட்டார்.

இவ்வேலைகளைச் செய்யும் தொழில் பாடசாலையில் பிறந்ததல்ல. மலையக நகரங்களின் கராஜ்களில் மூத்த மெக்கானிக்கைத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே 'பாஸ்' என்றே அழைக்கிறார்கள். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. அவரிடம் சேரும் பையன் 'கோலயா', சிங்களத்தில் சீடன் என்று பொருள். தோட்டத்து லயத்திலிருந்து வந்து கோலயாவாகச் சேர்பவன் முதல் மாதங்களில் நட்டுப் பெட்டியைத் துடைப்பதையும் பெட்டி எண்ணெயை வடிப்பதையும் தவிர வேறெதையும் தொடமாட்டான். ஆனால் அந்த எண்ணெயிலேயே பாடம் தொடங்குகிறது. பாஸ் இரு விரலுக்கிடையே எண்ணெயைத் தேய்த்து வெயிலில் பிடிப்பார்: பொன்னிறத்தில் மினுங்கினால் சின்குரோ வளையம் தேய்கிறது; வெள்ளியாய்க் கீறினால் பல்லின் விளிம்பு உதிர்கிறது; பெட்டியின் காந்த அடைப்பானில் நகக்கண் அளவு துண்டு ஒட்டியிருந்தால் பேச்சுக்கு இடமில்லை, பெட்டி இறங்க வேண்டும். பிளைவீலைக் கழற்றினால் அதன் முகம் தன் கதையைத் தானே சொல்லும்: நீலம் பாய்ந்த வட்டங்கள் சூட்டின் அளவையும், மெல்லிய கீறல் வலை அந்தச் சூடு எத்தனை முறை வந்துபோனது என்பதையும் காட்டும்.

உதிரிகளுக்கு நெடுங்காலமாகக் கொழும்பின் பஞ்சிகாவத்தையே திசை. ஜப்பானில் கழித்த கார்களை முன்பாதியாக வெட்டி, எஞ்சினும் கியர்ப்பெட்டியும் வயர்களும் சேர்ந்தபடி கப்பலேற்றி வரும் 'ஹாஃப் கட்' என்ற சரக்கு இல்லாதிருந்தால் இலங்கையின் டர்போ கார்களில் பெரும்பகுதி இன்று ஓடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்குக் கதவு மூடியே இருந்த ஐந்தாண்டில், புதிதாக வாங்குதல் என்ற வழியே அடைபட்டதால், இருப்பதைப் பழுதுபார்த்துப் பலப்படுத்தும் கைத்தொழிலின் மதிப்பு ஏறியது. புதிய கிளச் தட்டின் விலை எட்டாதவர்களுக்குப் பழைய தட்டின் பூச்சை மட்டும் உரித்து, வெறும் எஃகுத் தட்டில் புதிய பூச்சு வளையத்தை வைத்து, துளைக்குத் துளை ஆணியடித்துத் தருவார்கள். இது லொறிக் காலத்துப் பழைய முறை. ஆணியின் தலை பூச்சுக்குள் போதிய ஆழத்தில் அமிழ்ந்திருக்கிறதா என்று கோலயா நகத்தால் தடவிப் பார்க்கிறான். மேலே நின்றால் அது பிளைவீலைக் கீறும். சுட்ட உலோகத் துண்டு பொருத்திய பந்தயத் தட்டிலும் துண்டுகள் ஆணியாலேயே பிணைக்கப்பட்டிருக்கின்றன, அங்கும் நகம் அதே இடத்தையே தேடுகிறது.